எழும்பூர்த் தோட்டமும் எங்க மாட்டுக்கொட்டகையும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அப்பா கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ரெண்டு மாசமா அதுக்குப் பதில் தேடித் தேடி, கடைசியில 1786ல போய் நின்னேன்.

மேட்டர் இதுதான். எங்கிட்ட ஒரு 6 இஞ்ச் தொலைநோக்கி இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி போனஸ் வந்த ஜோர்ல வாங்கினது. சென்னையில நான் இருக்கறது மூணாவது மாடி. மொட்டை மாடிக்கு அதைத் தூக்கிட்டுப் போய், முக்காலியை விரிச்சு, சமன் பார்த்து, கண்ணாடி குளிர்ற வரைக்கும் காத்திருந்து, ஒருவழியா வியாழனைப் பிடிச்சா, கீழ்வீட்டுக்காரர் தண்ணி மோட்டார் போடுவார். வியாழன் கிடுகிடுன்னு நடனமாடும். திரும்ப எல்லாத்தையும் கழட்டி இறக்க ராத்திரி ஒரு மணி. காலையில ஒன்பது மணிக்கு மீட்டிங். கடைசி ஒரு வருஷத்துல அந்தத் தொலைநோக்கியை நான் வெளியே எடுத்தது மொத்தம் நாலு தடவை. வெக்கமாத்தான் இருக்கு.

ஊர்ல எங்க வீட்டுக் கொல்லையில ஒரு மாட்டுக்கொட்டகை காலியாக் கிடக்கு. கும்பகோணம் பக்கத்துக் கிராமம், ராத்திரியானா நல்ல இருட்டு. மாடுகளை வித்து ஏழெட்டு வருஷம் ஆச்சு. இப்ப அதுல இருக்கறது உடைஞ்ச ஏணி, பழைய சைக்கிள், தேங்காய் மட்டை. கூரையை மட்டும் தள்ளித் திறக்கற மாதிரி மாத்திட்டா, தொலைநோக்கியை நிரந்தரமா அங்கயே நிறுத்திடலாம். நினைச்ச நேரத்துக்குக் கூரையைத் தள்ளினா வானம். ஒரு நோட்டுல படமெல்லாம் போட்டு அப்பாகிட்ட காட்டினேன்.

அப்பா பொறுமையாப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்கு வர்ற. மீதி நாள் இதை யாருடா பாத்துக்கறது?"

பதில் சொல்லத் தெரியல. சரின்னு, இதுக்கு முன்னாடி கொல்லையில கொட்டகை போட்டு வானம் பார்த்தவங்க கதையெல்லாம் தேட ஆரம்பிச்சேன்.

தூண் ஒண்ணு, கூரை ஒண்ணு

முதல்ல கொஞ்சம் இன்ஜினியரிங். பயப்படாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன்.

இந்த மாதிரி ஒரு கொட்டகையில முக்கியமான சாமான் ரெண்டே ரெண்டு. ஒண்ணு தூண், இன்னொண்ணு கூரை. தொலைநோக்கி 100 மடங்கு பெருசாக் காட்டினா, ஆட்டத்தையும் 100 மடங்கு பெருசாக் காட்டும். அதனால தொலைநோக்கியைத் தாங்கற தூணுக்குத் தனியா பள்ளம் தோண்டி, தனியா கான்கிரீட் போட்டு, தரையிலும் சுவரிலும் ஒட்டாம நிறுத்தணும். தரைக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கணும். நீங்க தரையில தொம்முன்னு குதிச்சாலும் தூணுக்குத் தெரியக்கூடாது. நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, ஒரு மாட்யூல்ல கை வெச்சா இன்னொண்ணு உடையக்கூடாது. அவ்வளவுதான்.

கூரை ரெண்டு வகை. சுத்தற கூம்பு அல்லது குவிமாடம் ஒண்ணு, தண்டவாளத்துல உருண்டு போற கூரை ஒண்ணு. குவிமாடம் காத்தைத் தடுக்கும், பாக்க ஜம்முன்னும் இருக்கும். ஆனா செய்யறது கஷ்டம், பகல் சூடும் உள்ளே தங்கிடும். அந்தச் சூட்டுக்காத்து மேலே எழும்பும்போது நட்சத்திரம் தண்ணிக்கு அடியில தெரியற காசு மாதிரி நெளியும். உருளற கூரைக்கு அந்தத் தொல்லை குறைவு. நம்ம ஊர் காம்பவுண்டு கேட்டுக்குப் போடற சக்கரமும் தண்டவாளமுமே போதும். காத்துல தூக்கிட்டுப் போகாம இருக்க நாலு மூலையிலும் கொக்கி மாட்டணும், மறந்தா அடுத்த ஊர் வயல்ல போய் எடுக்கணும்.

இது ஏதோ புதுசா வந்த பொழுதுபோக்கு இல்லை. 1870கள்லயே இங்கிலாந்துல இது பரவிடுச்சு. ரோம்சி ஊர்ப் பாதிரியார் எட்வர்ட் பெர்தன், மடக்கி வைக்கற படகுகளைக் கண்டுபிடிச்ச ஆசாமி. படகு செஞ்ச கை சும்மா இருக்குமா? மரச்சட்டம், கேன்வாஸ் துணி, சுத்தற கூரைன்னு வெச்சு, குறைஞ்ச செலவுல தோட்டத்துல போடற ஒரு வானோக்குக் கூடத்தை வடிவமைச்சார். 'இங்கிலிஷ் மெக்கானிக்'ங்கிற பத்திரிகை வழியா அது 'ரோம்சி' மாடல்னே பேர் வாங்கிச்சு. அதே சமயத்துல கண்ணாடியில வெள்ளி பூசி ஆடி செய்யற முறையும் வந்ததால, பெரிய பணக்காரரா இல்லாதவங்களும் நல்ல தொலைநோக்கி வாங்க முடிஞ்சுது. டாக்டர், வாத்தியார், வியாபாரின்னு பலரும் வீட்டுத் தோட்டத்துலயே வானம் பார்க்க ஆரம்பிச்சாங்க.

ஒரு காமெடியன், ஒரு இன்ஜினியர்

இவங்க எல்லாம் சும்மா நிலாவைப் பார்த்து கன்னத்துல கை வெச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சா தப்பு.

1933 ஆகஸ்ட் 3. லண்டன் நார்பரியில தன் வீட்டுத் தோட்டத்துலருந்து 6 இஞ்ச் தொலைநோக்கியில சனியைப் பார்த்துட்டிருந்தவர் வில் ஹே. அந்தக் கிரகத்தின் நடுப்பகுதியில ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி. சனியில கிளம்பின பெரும்புயல் அது. அதை உலகத்துக்கு முதல்ல சொன்ன இந்த ஆளு தொழில்முறை விஞ்ஞானி கிடையாது. மேடையிலும் சினிமாவிலும் கோமாளி வாத்தியார் வேஷம் போட்டுச் சிரிக்க வெச்ச நகைச்சுவை நடிகர். நம்ம நாகேஷ் ஷூட்டிங் முடிஞ்சு வந்து மொட்டை மாடியில சனியில புயல் கண்டுபிடிச்ச மாதிரி வெச்சுக்குங்களேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சவர் இன்னொருத்தர். குரோட் ரீபர். அமெரிக்காவுல சிகாகோ பக்கம் வீட்டன்னு ஒரு ஊர். பகல்ல ரேடியோ கம்பெனியில இன்ஜினியர் வேலை. விண்வெளியிலருந்து ரேடியோ அலை வருதுன்னு கார்ல் ஜான்ஸ்கி 1933ல சொல்லியிருந்தார், ஆனா தொழில்முறை வானியலாளர்கள் பெருசா கண்டுக்கல. சரி, நாமளே பார்த்துடுவோம்னு 1937ல, தன் 25வது வயசுல, சொந்தக் காசுல, வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்துல மரச்சட்டமும் தகரமும் வெச்சு 9 மீட்டருக்கு மேல அகலமான ஒரு கிண்ணத்தைக் கட்டினார். அவங்க அம்மா அதுல துணி காயப் போட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. அம்மாக்கள் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் :)

முதல்ல ஒரு அலைவரிசையில கேட்டுப் பார்த்தார், ஒண்ணும் வரல. கருவியை மாத்திச் செஞ்சு இன்னொரு அலைவரிசை, அதுலயும் வரல. மூணாவதா 160 மெகாஹெர்ட்ஸ்ல வந்துச்சு. பகல்ல ரோட்ல போற கார் இன்ஜின் பொறியெல்லாம் இரைச்சலா விழும்ங்கறதால, நடுராத்திரியிலருந்து விடிகாலை வரைக்கும் கேட்பார். அப்புறம் வேலைக்குப் போவார். இப்படியே உழைச்சு, பால்வீதியின் ரேடியோ வரைபடத்தை 1944ல வெளியிட்டார். அந்த வருஷங்கள்ல உலகத்துலயே ரேடியோ வானியலை முழுமூச்சா செஞ்சவர் அநேகமா இவர் ஒருத்தர்தான். நான் காலை மீட்டிங்கைக் காரணம் காட்டினேன் பாருங்க, அதைக் கொஞ்சம் மறந்துடுங்க.

ஆனா இவர் கதையில என்னைப் பிடிச்சு நிறுத்தினது அடுத்து நடந்தது. 1947 வாக்கில ரீபர் அந்தக் கிண்ணத்தை அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்புக்குக் கைமாத்திட்டார். பிறகு அது மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் ரேடியோ ஆய்வகத்துக்குப் போச்சு. ரீபர் 2002ல காலமானார். அவர் கட்டின கிண்ணம் இன்னிக்கும் அங்கே நிக்குது.

அப்பா கேட்ட கேள்விக்கு முதல் குறிப்பு எனக்கு இங்கதான் கிடைச்சுது. வீட்டனிலேயே விட்டிருந்தா அந்தத் தகரம் என்னிக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். இதே மாதிரி நம்ம பக்கம் நடந்திருக்கான்னு தேடினா, கதை எழும்பூர்லயே கிடைச்சுது.

எழும்பூர், 1786

வில்லியம் பெட்ரி, மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. வானியல் பைத்தியம். 1786ல எழும்பூர்ல தன் வீட்டுத் தோட்டத்துல இரும்பும் மரமும் வெச்சு ஒரு வானோக்குக் கூடம் கட்டினார். 3 இஞ்ச் தொலைநோக்கிகள், ஊசல் கடிகாரங்கள், நட்சத்திரம் உச்சியைக் கடக்கற நேரத்தைக் குறிக்கற ஒரு கருவி. அவ்வளவுதான் சொத்து. இன்னிக்கு ஒரு அமெச்சூர் வெச்சிருக்கற தொலைநோக்கி அதைவிடப் பெருசு.

கம்பெனிக்கு இதுல என்ன அக்கறை? கப்பல். சோழமண்டலக் கரையில நல்ல இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரை எங்கே இருக்குன்னு வரைபடத்துல தப்பாப் போட்டா கப்பலும் சரக்கும் கடலுக்குத்தான். வடக்கு தெற்கு கணக்கு சுலபம், நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தா போதும். கிழக்கு மேற்கு கணக்குதான் தலைவலி. அதுக்கு ஒரு வழி வியாழனின் நிலாக்கள். அதுல ஒண்ணு வியாழனின் நிழல்ல மறையற தருணம் லண்டனுக்கும் மெட்ராஸுக்கும் ஒண்ணுதான். ஆனா அப்ப ரெண்டு ஊர்லயும் உள்ளூர் மணி வேற வேற. அந்த வித்தியாசம் ஒரு மணி நேரம்னா 15 டிகிரி. மெட்ராஸுக்கும் கிரீன்விச்சுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 5 மணி 21 நிமிஷம். பெருக்கிப் பாருங்க, 80 டிகிரியும் கொஞ்சமும் வரும். ஒரு நல்ல கடிகாரமும் 3 இஞ்ச் தொலைநோக்கியும் வெச்சே ஒரு ஊரை உலக வரைபடத்துல ஆணி அடிச்சு நிறுத்திடலாம். (இது உருப்படியான ஆணி.)

1789ல பெட்ரி இங்கிலாந்துக்குக் கிளம்பினார். கருவிகளை மூட்டை கட்டிக் கப்பல்ல ஏத்தியிருக்கலாம். ஏலம் விட்டிருக்கலாம். அவர் எல்லாத்தையும் அரசாங்கத்துக்குக் கொடுத்துட்டார். கரையோரத்தை அளந்துட்டிருந்த மைக்கேல் டாப்பிங் புதுக் கட்டடத்துக்குத் திட்டம் போட, 1792ல நுங்கம்பாக்கத்துல மெட்ராஸ் வானோக்ககம் எழும்பிச்சு. நடுவுல சுமார் 10 டன் எடையுள்ள கிரானைட் தூண். அதுமேலதான் நட்சத்திர நேரம் குறிக்கற கருவி உக்காந்துச்சு. நான் முன்னாடி சொன்ன அதே தத்துவம்தான், தூண் ஆடக்கூடாது.

அந்தத் தூண்ல 1792ங்கற வருஷமும், டாப்பிங் பேரும், தமிழும் தெலுங்கும் உட்படச் சில மொழிகள்ல கல்வெட்டும் இருக்கு. ஆசியாவுல கணித அறிவியலை பிரிட்டிஷ் தாராள மனசு முதன்முதலா நட்டது எப்போன்னு ஆயிரம் வருஷம் கழிச்சு வர்றவங்களும் தெரிஞ்சுக்கணும்னுதான் இந்த ஏற்பாடுன்னு அந்தக் காலத்து வானோக்ககக் குறிப்பு சொல்லுது. படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு. நட்டாங்களாம்! அதே வானோக்ககத்தைக் கொஞ்ச காலம் கவனிச்சுக்கிட்ட ஜான் வாரன், 1825ல 'கால சங்கலித'ன்னு ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுல புதுச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில சோழி பரப்பி, மனப்பாடமா வெச்சிருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினதைப் பதிவு பண்ணியிருக்கார். அந்தத் தமிழ்க் கணக்கனுக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனா கணக்கு ஏன் பொழைச்சுதுன்னு யோசிச்சா, அதுவும் ஒருத்தர் வாயிலருந்து இன்னொருத்தர் காதுக்குக் கைமாறினதாலதான்.

அந்தத் தோட்டத்துக் கருவிகள்ல தொடங்கினது எங்கெல்லாம் போச்சுன்னு பாருங்க. இந்தியாவை அளந்த பெரும் நில அளவை, மெட்ராஸ் வானோக்ககத்தின் தீர்க்கரேகையை ஆதாரமா எடுத்துக்கிச்சு. இந்திய நேரம்னு ஒண்ணு 1906ல வர்றதுக்கு முன்னாடி ரயில்கள் ஓடினது 'மெட்ராஸ் நேர'த்துல. 1861ல நார்மன் போக்சன் இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு அதுக்கு 'ஏசியா'ன்னு பேர் வெச்சார். 1867ல அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி மாறும் நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். நவீன வானியல்ல நம்மாளு பேர் பதிவான ஆரம்பகாலக் கண்டுபிடிப்புகள்ல அது ஒண்ணு. 1899ல கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்ததும் வேலை மெல்ல மலைமேல போச்சு. பெட்ரி காலத்து ஷெல்டன் கடிகாரமும் கூடவே மலையேறிடுச்சு.

கொடுத்ததும் கொடுக்காததும்

எல்லாத் தோட்டத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. விசாகப்பட்டினத்துல கோடே வெங்கட ஜக்காராவ்னு ஒரு ஜமீன் குடும்பத்துக்காரர். மெட்ராஸ் வானோக்ககத்துல டெய்லர்கிட்ட பாடம் படிச்சுட்டுப் போய், 1840 வாக்கில டாபா கார்டன்ஸ்ல தன் இடத்துல சொந்தமா ஒரு வானோக்குக் கூடம் வெச்சார். 1856ல அவர் போன பிறகு மருமகன் அங்கிதம் வெங்கட நரசிங்கராவ் விடாம நடத்தினார். 1892ல அவரும் போனார். அதுக்கப்புறம் அந்தக் கூடத்துக்கு அந்தப் பழைய உயிர் திரும்பல. டாபா கார்டன்ஸ் இன்னிக்கு நெரிசலான கடைத்தெரு.

ஹைதராபாத்ல வேற மாதிரி. நவாப் ஜஃபர் ஜங் 1901ல தன் எஸ்டேட்ல நிறுவின கூடம், 1907ல அவர் காலமானதும் நிஜாம் அரசு கைக்குப் போச்சு, பிறகு உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு. அந்த நிஜாமியா வானோக்ககத்துல உதவியாளரா இருந்தவர் வேணு பாப்புவின் அப்பா. சின்ன வயசுல அங்கே வானம் பார்த்து வளர்ந்த பையன், பெரியவனாகி ஜவ்வாது மலையில காவலூர் ஆய்வகத்தை உருவாக்கினார். 1977 மார்ச் 10 அன்னிக்கு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ, அந்தக் கிரகத்துக்கு வளையம் இருக்கறதுக்கான தடயத்தைப் பதிவு செஞ்ச இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. யுரேனஸ் எங்கே கண்டுபிடிக்கப்பட்டுச்சுன்னு தெரியும்ல? 1781ல, பாத் நகரத்துல, வில்லியம் ஹெர்ஷல்ங்கற சங்கீத வாத்தியார் வீட்டுத் தோட்டத்துல.

மழைக்காலத்துல புயல் சின்னம் உருவானா டிவிக்காரங்க மைக்கை நீட்டிக்கிட்டு நிப்பாங்களே, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம், அந்த வளாகத்துலதான் அந்தக் கிரானைட் தூண் இன்னும் நிக்குது. எழும்பூர்ல பெட்ரி போட்ட இரும்பு மரக் கூடம் போன இடம் தெரியல. நுங்கம்பாக்கம் வானோக்ககத்துக்கும் கூரை இல்லாமப் போச்சு. தூண் மட்டும் நிக்குது.

போன வாரம் அப்பாவுக்கு போன் பண்ணி இந்தக் கதையெல்லாம் சொன்னேன். தூண் எப்படி நிறுத்தணும்னு சொன்னப்ப "ம்" கொட்டினார். பெட்ரி கொடுத்துட்டுப் போனதைச் சொன்னப்ப கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப யார்கிட்ட குடுக்கலாம்கற?"

"நம்ம ஊர் ஸ்கூல் சயின்ஸ் சார்கிட்ட ஒரு சாவி குடுத்துடலாம்ப்பா. பசங்க வந்து பாக்கட்டும். நான் இல்லாதப்பவும் கூரை திறக்கணும்."

"பசங்க உடைச்சுட்டாங்கன்னா?"

"கண்ணாடி உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்ப்பா."

திரும்ப ஒரு "ம்". அடுத்த நாள் அம்மா போன்ல சொன்னாங்க, "உங்கப்பா காலையிலேயே கொட்டகையிலருந்து தேங்காய் மட்டையெல்லாம் எடுத்து வெளியில போட்டுட்டு இருக்கார்டா. என்னத்தடா சொன்ன அவர்கிட்ட?"

சித்திரையில ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். முதல் வேலை தூணுக்குப் பள்ளம் தோண்டறது. கூரை அப்புறம்.